சபாரத்தினம் மறுத்த வதந்தி

சபாரத்தினம் அண்ணையை லண்டன் வெம்பிளியில் தெரியாதவர் இல்லை. அவர் வாய்க்குத் தப்பியவரும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கப்பூரில் அரசாங்கத் தகவல் கந்தோரில் வேலை பார்த்தவர். மலாயா, போர்னியோ, ஹொங்கொங் என்று எங்கே துண்டுப்பிரசுரம் போனாலும் ஒரே பேச்சாக இருக்கவேண்டும். அதைப் பார்ப்பதுதான் உத்தியோகம். பென்ஷன் எடுத்து லண்டன் வந்தும் விடவில்லை. வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால், விருந்தாளிகளுக்கு என்ன சொல்வதென்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொடுப்பார்.

எண்பத்தெட்டாம் ஆண்டுப் பொங்கல் விழாவை வெம்பிளி, ஈலிங், லூயிஷாம் மூன்று ஊர்த் தமிழரும் சேர்ந்து ஒரே மண்டபத்தில் வைக்க அவர்தான் ஒற்றைக்காலில் நின்றார். முந்திய வருஷம் மூன்று இடத்தில் வைத்து, மூன்றிலும் உட்கார ஆளில்லாத கதிரைகள்தான் பொங்கல் கொண்டாடின. இந்த முறையும் சனம் வராவிட்டால் தலை காட்ட ஏலாது என்று என் வான் வண்டிக்குள் இருந்து புலம்பினார்.

அவர் அடித்த பிரசுரத்தை வாங்கிப் பார்த்தேன். இடம், நேரம், கீழே கொட்டை எழுத்தில்: “மதியத்துக்கு முன் வடை முடிந்துவிடும் என்பது வெறும் வதந்தி. பொதுமக்கள் நம்பவேண்டாம்.”

“அண்ணை, இப்பிடி ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை, யோகராஜா. சொல்ல முந்தியே மறுக்கவேணும். அதுதான் எங்கட கந்தோர்ப் பொலிசி.”

“சொல்லாததை மறுத்தா சனம் நம்பிப்போடுமெல்லே!”

“நீ வானை ஓட்டு.”

ஓட்டினேன். மூன்று இடத்துக்கும் ஒரே பேச்சுப் போய்ச் சேர்ந்தது.

விழாவன்று கதவு திறக்கும் முன்பே மண்டபத்தைச் சுற்றி வரிசை. லூயிஷாம்காரர் விடியப்புறமே ரயில் ஏறியிருக்கிறார்கள். ஈலிங்காரர் கையோடு சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். வடைச் சட்டியடியில் நின்ற கமலாம்பிகை அக்கா ஒரு கையில் பிரசுரமும் மறுகையில் அகப்பையுமாகப் பாய்ந்து வந்தார்.

“எந்த அறுவான் இதை எழுதினது?”

“உங்கட மனுசன்தான், அக்கா.”

பொங்கல் பொங்க முன்பே வடை முடிந்தது. ஒருவரும் போகவில்லை. ஆர் கூடுதலாகத் தின்றது என்று மூன்று ஊரும் சண்டை பிடித்துச் சிரித்து, மண்டபமே அதிர்ந்தது. மண்டபக் காவல்காரன் பயந்துபோய்க் கதவைச் சாத்தினான்: இனி ஒரு ஆளும் உள்ளே வர ஏலாது.

வரிசையின் நீளம் பார்க்கப் போயிருந்த சபாரத்தினம் அண்ணை வெளியே! கண்ணாடியில் தட்டினார். காவல்காரன் தலையாட்டி மறுத்தான்.

“அண்ணை, உள்ளுக்கை இடமில்லை!” என்று கத்தினேன்.

“என்ன?”

“இடமே இல்லை, அண்ணை! நிரம்பி வழியுது!”

மனிதர் வேட்டியை மடித்துக் கட்டினார். கொட்டும் மழையில், ஓவர்கோட்டோடு, இரண்டு கையையும் தூக்கி ஆடத் தொடங்கினார். வெளியே நின்ற சனம் கைதட்டியது.

“கதவைத் திறக்கச் சொல்லட்டோ, அக்கா?”

“வேண்டாம். அந்தாள் அங்கையே ஆடட்டும்.”