சுழியோடிக்கு இரண்டாம் உயிர் இல்லை

ஹனீபா காக்கா இந்த மாரியைத் தாண்டமாட்டார் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். துறைமுக ஜெட்டியில் அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அது தெரியும். சலூனில் வைத்துச் சத்தமாகத்தான் சொன்னேன். ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த மீன்காரர் லிங்கநகரில் என் வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "நம்மட ஹனீபா காக்கா மௌத்தாப் போயிட்டார்" என்றபோது, நான் வெளிக்கிட்டு, தலையும் சீவி இழுத்து, தயாராக நின்றேன். மனைவி வேறு மாதிரிச் சொல்லுவாள். குசினிப் புகையில் அவளுக்கு அன்று கண் சரியாகத் தெரியவில்லை.

குறிஞ்சாக்கேணியில் அடக்கம். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். மறுபடியும் ஊறியது. கடைசியில் ஈரத்திலேயே வைத்தார்கள்.

தேயிலைப் பெட்டிகளில் கறுப்பு மையால் துறைமுகப் பெயர் எழுதுகிற மனிதர் என்றுதான் உங்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய உண்மையான வேலை ஞாயிற்றுக்கிழமைகளில், கயிற்றுக் களஞ்சியத்தில் நடந்தது. எழுபதுகளின் கடைசியில் இயந்திரம் பழுதாகி எங்கள் துறைமுகத்தில் கிடந்த ஒரு கப்பலின் மாலுமியிடமிருந்து நான் ஒரு பெட்டி வாங்கினேன். வாங்கினேன் என்ன, கைமடக்கிப் பந்தயத்தில் வென்றேன். ஆள் கதவு உயரம். பெட்டிக்குள் மெல்லிய புத்தகங்களும் பல முகமுள்ள தாயக்கட்டைகளும் இருந்தன. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகக் கட்டை தீர்மானிக்கும்: பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் பலிக்காது. செல்லத்துரைக் கிளாக்கருக்கு ஆங்கிலம் ஓடும் என்பதால் கதையை நடத்தும் பொறுப்பு அவருக்கு. நான் எட்டாம் வகுப்புத்தான். ஆனாலும் படங்களைப் பார்த்தே பாதிப் புத்தகத்தை விளங்கிக்கொண்டேன். மீதிப் பாதியில் கிளாக்கருக்கே சந்தேகம் இருந்தது.

முதல் நாளே காக்கா முகத்தைச் சுளித்தார். "வாள்காரன் இரிக்கான், கள்ளன் இரிக்கான், சாமியார் இரிக்கான். கடல் தெரிஞ்ச ஒருத்தனும் இல்லையே. இத எழுதினவன் கிணத்துலயும் குளிச்சிரிக்க மாட்டான்."

"அப்ப நீங்கள் ஒண்டை எழுதுங்கோவன்" என்றார் கிளாக்கர்.

எழுதினார். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையைக் கையளவு துண்டாக அறுத்து, பெட்டிக்கு எழுதுகிற அதே மையால் 'சுழியோடி' என்று எழுதிக்கொண்டு வந்தார். அவன் தண்ணீருக்குள் இருக்கும்வரை எந்த ஆயுதமும் அவனைத் தொடாது. ஆனால் ஒவ்வொரு தடவை மூழ்கி எழும்பும்போதும் அவனுடைய உயிர்ப்பலத்தில் ஒன்று போய்விடும், போனது வராது. அதன்பிறகு பலகைகள் பெருகின. கறள் சங்கிலி: துருவேறிய அது எந்தக் கதவையும் இழுத்துத் திறக்கும், பிடித்தவனுடைய கை அந்தச் சண்டை முடியும்வரை மரத்துப்போகும். குருட்டு விளக்கு: மறைந்த வழியைக் காட்டும், ஏந்தியவனுக்கு மட்டும் காட்டாது. புதுப் பொருள் எதையும் அவர் உடனே மேசைக்கு விடமாட்டார். தன்னந்தனியாக உருட்டிப் பார்த்து, மையைச் சுரண்டி, திருப்பி எழுதுவார். "குடுக்கிற பொருள் எடுக்கவும் வேணும். சும்மா குடுக்கிறது மிட்டாய்" என்பார்.

ஒருநாள் என் வீரன் செத்துப்போனான். நியாயமாகச் சாகவில்லை, பின்னால் வந்து குத்தினார்கள். புத்தகத்தில் செத்தவரை எழுப்பும் மந்திரம் இருந்தது. கிளாக்கர் அதை வாசிக்கத் தொடங்க, காக்கா கையை நீட்டிப் பக்கத்தை மூடினார்.

"வேணாம். திரும்பி வரலாமெண்டா ஆருக்குப் பயம்? பயமில்லாட்டி இது வெறும் தாயம்."

"செத்தது நானெல்லோ காக்கா, உங்களுக்கென்ன?"

"நீ செத்தும் வாய் சாகல்லையே மனே."

அன்றே ஒரு நீளப் பலகையில் 'செத்தவர் திரும்ப மாட்டார்' என்று எழுதிச் சுவரில் அறைந்தார். அப்போதே நான் சொன்னேன், "காக்கா, இது உங்கட தலையிலதான் விழும்" என்று. ஏனென்றால் அவர் தன்னுடைய சுழியோடிக்கு வைத்திருந்த பெயர் ஜவ்பர்.

ஜவ்பர் அவருடைய சொந்தத் தம்பி. சில மாரிகளுக்கு முன் வலைக்குப் போன வள்ளம் வெறுமையாகக் கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. அவனுடைய மனைவி பரீதா அதன்பிறகு அந்த வீட்டில் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. கந்தளாயில் வயல் செய்கிற ஒரு நல்ல மனிதர் அவளைக் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி இல்லையென்று மூத்தவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம் என்று பள்ளிவாசல் பெரியவர்கள் காத்திருந்தார்கள். உடலைக் காணாமல் காக்கா சொல்லவில்லை. "மையத்தக் காட்டுங்க, சொல்றன்" என்பார். நேரம் போனால் பரீதாவுக்குக் கந்தளாயும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேசையில் மட்டும் ஜவ்பர் ஞாயிறு தவறாமல் மூழ்கி, சிரித்துக்கொண்டு எழும்பினான்.

அன்று நல்ல மழை. கதையில் தாழ்ந்து கிடந்த ஒரு கப்பலின் அடியறைக்குள் என் வீரன் அகப்பட்டிருந்தான். அவன் புது வீரன், பழையவனைவிடப் பலசாலி. அவனை எடுக்க ஜவ்பர் இறங்கினான். கதவைத் திறந்து என்னை மேலே தள்ளியும் விட்டான். எழும்புவதற்கு ஒரு பலம்தான் மிச்சம். கிளாக்கர், "மூச்சுக்கு உருட்டுங்கோ" என்றார். காக்கா உருட்டினார். கட்டை மேசை முழுக்கச் சுற்றி, விளக்கடியில் நின்றது. மூன்று.

அந்த எண்ணுக்கு ஜவ்பர் எழும்பமாட்டான். பிறகு கிளாக்கர் மெதுவாக, "மேசை ஆடினது, காக்கா. இன்னொருக்கா உருட்டுங்கோ" என்றார்.

"ஓம், ஆடினது. நான்தான் காலால தட்டினனான்" என்று நானும் சேர்ந்தேன்.

காக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். கோபம் இல்லை. "மேசை ஆடல்ல" என்றார். சுழியோடிப் பலகையை எடுத்தார். முழங்காலில் வைத்து அழுத்தினார். தேயிலைப் பெட்டிப் பலகை மெல்லியது, ஆனால் நார் விடாது. இரண்டு மூன்று தரம் அழுத்திய பிறகுதான் முறிந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, குடையை எடுக்காமல் போனார்.

அன்று பின்னேரமே அவர் பள்ளிவாசலுக்குப் போய், "என்ட தம்பி மௌத்து" என்று சொன்னார். காத்திருக்க வேண்டிய நாட்கள் கழிந்ததும் பரீதாவைத் தானே பஸ்ஸில் ஏற்றி, கந்தளாயில் கொண்டுபோய் விட்டார். அவளுக்கு இப்போது ஒரு மகள். நல்லது நடந்தது என்று ஊரே சொன்னது. அவர் மட்டும் அதன்பிறகு ஒரு பொருளும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இருப்பார். கட்டையை நீட்டினால் வேண்டாம் என்று கையை அசைப்பார். போன வருடம் நெஞ்சில் சளி கட்டத் தொடங்கியது. அப்போதுதான் நான் சலூனில் அப்படிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். என் கையைப் பிடித்து, "நல்ல விதிதான்டா எழுதியிரிக்கன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பலகை. எனக்கென்றே செய்தது: 'புளுகுச் சங்கு'. ஊதினால், ஊதியவன் சொன்னதை எல்லாம் எதிரிகள் நம்புவார்கள். ஊதியவன் அடுத்துச் சொல்லும் உண்மையை ஒருவரும் நம்பமாட்டார்கள். மை மங்கவில்லை. அலுமாரியில் என் சட்டைகளுக்குள் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன், தரமாட்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை அப்படியே விட மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் சிரிக்கவில்லை. விதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது நான் கட்டிய கதை. கையைப் பிடித்தது உண்மை. பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவன் திரும்பி வந்தா, பரீதா எங்கயெண்டு கேட்டா, நான் என்னடா சொல்ற?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். அன்று தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.