ஆறு வெடியில நான் எண்ணாத வெடி

தருமபுரி ஜில்லாவுல கெணத்து வெடிக்கு திரி வெக்கறதுல என்னைய மிஞ்ச ஆளு கெடையாதுங்க. இருவது வருசத்துல ஒரு தடவகூட எண்ணிக்க தப்புனதில்ல.

இது பொய்யிங்க. மொத வரியிலியே பொய் சொல்லிட்டேன். எங்க சபை உபதேசியார் ஐயா எழுதறத நிறுத்திட்டு என்னைய மொறைக்கறாரு. அந்த வரிய அடிச்சிறாதீங்க ஐயா, அப்பிடியே இருக்கட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சபையில வாசிக்கற சாட்சிய நான் சொல்லச் சொல்ல அவரு எழுதறாரு. எழுத்துல தப்பு இருந்தா அவரோடது. பொய் இருந்தா என்னோடது.

பிரியமான சபையாரே, எண்ணிக்க ஒரே ஒரு தடவ தப்பிருச்சு. அதச் சொல்லத்தான் இன்னிக்கி வேல நடக்கற கெணத்துப் பக்கத்துல குந்திருக்கேன்.

சேலத்துலருந்து தருமபுரிய தனி ஜில்லாவா பிரிச்சு நாலஞ்சு வருசம் ஆன சமயம். சித்திர மாசம். இண்டூருக்கு மேக்க ஒரு கவுண்டர் காட்டுல கெணறு வெட்டிக்கிட்டு இருந்தோம். ஏழு ஆள் ஆழம் போயாச்சு, தண்ணி இல்ல, வெறும் கரும்பாற. எங்க தெருப் பொம்பளைங்க அப்ப ரெண்டு மைலு நடந்து போயி ஒரு கொடம் தண்ணி கொண்டாருவாங்க. கவுண்டரு ஒரு வார்த்த குடுத்திருந்தாரு. "தண்ணி மட்டும் வரட்டும்டா, உங்க தெருவும் இதுலியே மொண்டுக்கலாம்." அந்தக் காலத்துல இது சின்ன வார்த்த இல்லீங்க. அதனால அந்தப் பாறய ஒடைக்கறதுல அவருக்கு இருந்த அவசரம் எங்களுக்கும் இருந்துச்சு.

எனக்கு ஞானஸ்நானம் ஆயி அப்ப ரெண்டு வருசம். சபையில எனக்குப் பேரு யாக்கோபு. ஊருல இன்னமும் சின்னபையன். அந்த வேலையாளுங்கள்ல நான் ஒருத்தன்தான் கிறிஸ்துவன். "நாங்க பொய் சொல்ல மாட்டோம், எங்க சாமிக்கு ஆவாது"ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிவேன். கல்லு சொமக்கற முனியம்மா, எனக்குத் தங்கச்சி மொற, தெனமும் கேப்பா. "ண்ணா, இன்னிக்கி எத்தினி பொய் சொல்லல?"

வெடி வெக்கற மொற தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பாறையில குழி போட்டு, வெடிமருந்தக் கெட்டிச்சு, திரி வெச்சு, மேல மண்ணப் போட்டு அடைச்சிருவோம். எல்லாரையும் மேல ஏத்திட்டு, ஒருத்தன் மட்டும் உள்ள நின்னு பீடி நெருப்புல வரிசையா திரியக் கொளுத்திட்டு, படியில கால வெச்சு ஏறி ஓடியாரணும். புளியமரத்துக்குப் பின்னால நின்னு எண்ணணும். ஆறு குழி வெச்சா ஆறு சத்தம் கேக்கணும். ஒண்ணு கொறஞ்சா, ஒரு குழி வெடிக்காம உள்ள கெடக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கி யாரும் எறங்கக் கூடாது. மறுநா காலையில திரி வெச்சவனே எறங்கி, தண்ணி ஊத்தி, மருந்த நனைச்சு எடுக்கணும். தெரியாம எவனாச்சும் கடப்பாறயால தட்டிட்டான்னா, அவன அள்ளறதுக்குக் கூட ஒண்ணும் இருக்காது.

எங்க பக்கம் இன்னொரு பழக்கம். திரி வெச்சவன் ஒருத்தன்தான் எண்ணுவான். மத்தவங்க எண்ணக் கூடாது. ரெண்டு பேரு எண்ணி, "ஆறு", "இல்ல அஞ்சு"ன்னு அடிச்சுக்கிட்டு வேல நின்னு போவுதுன்னு யாரோ பெரியவங்க வெச்ச சட்டம். அவன் சொல்றதுதான் கணக்கு.

அன்னிக்கி ஆறு குழி. மொத நாளே பாற இடுக்குல ஈரம் கசிஞ்சுது. இன்னிக்கி வெடிச்சா ஊத்து தொறக்கும்னு எல்லாருக்கும் ஆச. தெருவுலருந்து பொம்பளைங்க கொடத்தோட வந்து வரப்புல குந்திட்டாங்க.

நான் திரியக் கொளுத்திட்டு ஏறியாந்தேன். மரத்துக்குப் பின்னால ஒரே கூட்டம். கூட்டத்தக் கண்டா என்னால சும்மா இருக்க முடியாது, அது என் வியாதி. கவுண்டரு வேட்டிய ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு, வயித்த முன்னால விட்டு நடந்து போவாரு. அதே மாரி நடந்து காட்டுனேன். மொத வெடி கேட்டுச்சு. ஒண்ணு. ரெண்டாவது கேட்டுச்சு. அந்நேரம் முனியம்மா, "ண்ணா, அவரு வெத்தல துப்பறாப்புல செய்யி"ன்னா. செஞ்சேன். எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. அந்தச் சிரிப்புக்குள்ள வெடி கேக்குது. எத்தினின்னு தெரியல. கடசியா ஒண்ணு தனியா கேட்டுச்சு. அப்பறம் அமைதி.

தள்ளி நின்ன கவுண்டரு கத்துறாரு. "சின்னபையா, எத்தினிடா?"

"ஆறும் ஆச்சுங்க."

வாயி தானா சொல்லிருச்சு.

பொக அடங்க அர மணி நேரம் ஆவும். அந்த அர மணி நேரம்தான் என் சாட்சி.

மனசுக்குள்ள திரும்பத் திரும்ப எண்ணிப் பாக்கறேன். ஒரு தடவ ஆறு வருது, ஒரு தடவ அஞ்சு வருது. சொல்லிறலாமா? சொன்னா திரியப் புடுங்கிருவாங்க. எண்ணிக்க தப்புனவனுக்கு அப்பறம் எவனும் திரி குடுக்க மாட்டான். வூட்டுல நாலு புள்ளைங்க. அதோட அந்தப் பொம்பளைங்க கொடத்த வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. நாளைக்கின்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

இன்னொரு நெனப்பும் வந்துச்சு. அத நெனச்சாத்தான் இப்பவும் வெக்கமா இருக்குது. "நான் பொய் சொன்னது தெரிஞ்சா, கிறிஸ்துவன் பொய்க்காரன்னு ஊரு பேசும். கர்த்தரோட பேரு கெட்டுப் போவும். அவரு மானத்துக்காவ நான் வாய மூடிக்கிட்டு இருக்கணும்." பாருங்க, என் தோலக் காப்பாத்த கர்த்தரோட மானத்த இழுத்து மூடிக்கறேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம் போயி முட்டிப் போட்டேன். செருப்பு அறுந்துபோன மாரி குனிஞ்சுக்கிட்டேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு. "கர்த்தாவே, எப்பிடியாச்சும் அவங்கள எறங்கவிடாத. ஒரு மழ குடு. ஒரு பாம்ப அனுப்பு. கவுண்டருக்கு ஒரு வயித்து வலி குடு, சின்னதா. நான் வாயத் தொறக்காம இது நின்னுறணும்." சத்தியமா இதுதாங்க என் ஜெபம்.

வானம் துணி வெளுத்தாப்புல இருந்துச்சு. பாம்பு வரல. கவுண்டரு கல்லு மாரி நின்னு வெத்தல மென்னுக்கிட்டு இருந்தாரு.

பொக கொறஞ்சுது. எட்டிப் பாத்த ஒருத்தன், "ஈரம் நல்லா தெரியுதுங்க"ன்னான். பொம்பளைங்க எழுந்துட்டாங்க. மொதல்ல எறங்கறது எப்பவும் முனியம்மாதான். சீலய இழுத்துச் செருவிக்கிட்டா. கடப்பாறயத் தோளுல போட்டா. மொதப் படியில ஒரு காலு வெச்சுட்டு என்னையப் பாத்தா. "என்ன ண்ணா, மூஞ்சி வேப்பங்கொழுந்து தின்னாப்புல இருக்குது? தண்ணி வந்தா மொதக் கொடம் உனக்குத்தான்."

அந்நேரம் எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. என்ன செய்யணும்னு தெரியாம நான் ஜெபம் பண்ணல. அது எனக்கு மொதல்லியே தெரியும். அத செய்யாம இருக்கறதுக்குத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் ஜெபத்த மாத்துனேன். கர்த்தருகிட்ட கேட்டது ரெண்டே வார்த்த. "வாயத் தொறந்துடு."

"முனியம்மா, ஏறு" அப்பிடின்னேன்.

"ஏன்?"

"நான் எண்ணல."

கவுண்டரு கிட்ட வந்தாரு. "ஆறுன்னியேடா."

"பொய்யிங்க. ரெண்டு எண்ணுனேன். அப்பறம் உங்கள மாரி நடந்து காட்டிக்கிட்டு இருந்தேனுங்க."

கன்னத்துல ஒண்ணு வுட்டாரு. அத எண்ணுனேன், ஒண்ணுதான். "வேற எவனாச்சும் எண்ணுனீங்களா?" யாரும் எண்ணல, எண்ணக் கூடாதுங்கறதுதான சட்டம். "இவன் பேச்ச நம்பி ஒரு நாளு வேலய நிறுத்தறதா? ஆறும் வெடிச்சிருக்கும். எறங்குங்கடி."

முனியம்மா மொதப் படியில வெச்ச காலோட நிக்கறா. மேல கவுண்டரு, கீழ பாற. நான் போயி அவளுக்கு முன்னால, ரெண்டாவது படிய மறிச்சுக் குந்திக்கிட்டேன். "என்னையத் தள்ளிட்டு எறங்கச் சொல்லுங்க." வீரமெல்லாம் இல்லீங்க, நின்னா ஒரே தள்ளுல தள்ளிருவாங்க, அதான் குந்துனேன். முனியம்மா கடப்பாறய மேல வீசிட்டு ஏறிட்டா. ஏறும்போது என்கிட்ட ஒண்ணு சொன்னா. "இத அப்பவே சொல்றதுக்கு என்னா?"

பொம்பளைங்க காலி கொடத்தோட திரும்பிப் போனாங்க. ஒருத்திகூட என் மூஞ்சியப் பாக்கல.

மறுநா விடிஞ்சதும் நான் எறங்குனேன். கூட ஒரு கொடம் தண்ணி, ஒரு மூங்கி குச்சி. சரிஞ்ச கல்ல ஒவ்வொண்ணா, புள்ளயத் தூக்கறாப்புல தூக்கி வெச்சேன். மொதக் குழி வெடிச்சிருந்துச்சு. ரெண்டாவது, மூணாவது, நாலாவது. அஞ்சாவதும் வெடிச்சிருந்துச்சு. மேல கவுண்டரு தல தெரியுது. "என்னடா?" இன்னும் ஒண்ணுதான். அது மட்டும் வெடிச்சிருந்தா, ஒண்ணுமில்லாததுக்கு நான் பொழப்ப இழந்துட்டேன். பிரியமானவங்களே, நான் அப்ப என்ன வேண்டுனேன்னு நெனைக்கறீங்க? அது வெடிக்காம இருக்கணும்னு வேண்டுனேன். நான் நிக்கறது அதுக்கு மேல. அவ்வளவு புத்திசாலி நான்.

படி முடியற எடத்துல, முனியம்மா எறங்குனா மொதக் கடப்பாற எங்க விழுமோ அங்க, ஒரு கல்லப் பொரட்டுனேன். அடைச்ச மண்ணு அப்பிடியே இருக்குது. திரி குழி வாயி வரைக்கும் கருகி நின்னு போயிருக்குது.

கொடத்துத் தண்ணிய முழுக்க ஊத்துனேன். அது போதல, கண்ணுலருந்தும் வந்துச்சு.

மேல ஏறி, ஈர மருந்த உள்ளங்கையில வெச்சுக் காட்டுனேன். முனியம்மா கிட்ட வந்து பாத்துட்டு, தரையில குந்திட்டா.

மூணாம் நாளு ஊத்து தொறந்துச்சு. கவுண்டரு சொன்ன வார்த்தயக் காப்பாத்துனாரு, தெரு மொண்டுது. ஆனா எனக்குத் திரி குடுக்கல. ஒரு வருசம் பொம்பளைங்களோட பொம்பளயா கல்லு சொமந்தேன். எண்ணத் தெரியாதவன்னு பேரு வெச்சாங்க. அடுத்த சித்திரையில அதே கவுண்டரு நல்லம்பள்ளிப் பக்கம் இன்னொரு காட்டுல கெணறு தோண்டறதுக்கு ஆளு அனுப்புனாரு. "எண்ணலன்னா எண்ணலன்னு சொல்றவன் ஒருத்தன் வேணும். அவனக் கூட்டியா." அன்னிக்கி அவருகிட்ட ஒண்ணு கேட்டேன். இனிமேல் ரெண்டு பேரு எண்ணணும், சண்ட வந்தா வரட்டும், ஒத்து வரலைன்னா யாரும் எறங்கக் கூடாது. நான் திருந்துனா மட்டும் போதாதுங்களே, நாளைக்கி இன்னொரு கோமாளி திரி வெப்பான். இப்ப இந்தப் பக்கம் எல்லாக் கெணத்துலியும் ரெண்டு பேருதான் எண்ணறாங்க.

அதனால நான் சொல்றது என்னன்னா, நான் கேட்டது பாம்பு, கர்த்தரு குடுத்தது வாயி. நீங்களும் ஒரு இக்கட்டுல மாட்டி முட்டிப் போடும்போது, மொதல்ல உங்க மனசக் கேளுங்க, நான் வழி தெரியாம ஜெபிக்கறேனா, இல்ல தெரிஞ்ச வழியில போவாம இருக்க ஜெபிக்கறேனான்னு. அவர நம்பி வாயத் தொறந்தீங்கன்னா, அவரு உங்கள ஒருநாளும்...

இருங்க, கெணத்து மேட்டுலருந்து கூப்புடறாங்க. "ண்ணா, சாட்சி சொல்லிக் கிழிச்சது போதும், திரி வெச்சாச்சு, கொளுத்த வா."

முனியம்மாதான். இன்னிக்கி ஏழு குழி. எண்ணற ரெண்டாவது ஆளு அவதான், இந்த ஏழெட்டு வருசமா அவதான்.

ஐயா, நோட்ட மூடுங்க. மரத்துக்குப் பின்னால போயி நில்லுங்க, கொளுத்திட்டு வந்துடறேன். பேசாதீங்க, எண்ணணும்.