அண்ணி உட்கார்ந்த ஏழு இடங்கள்

அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு. கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கோ மலையடியில், பஸ் ரோட்டோரம். போன தடவை திரும்பி ஏறும்போது பாதி வழியில் மயங்கி விழுந்துவிட்டார். அடுத்த மாதம் அவரை அனுப்ப வீட்டில் எல்லோருக்கும் பயம்.

நடை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் கிளினிக்கே தோட்டத்துக்கு வரும் என்றார்கள். சுகாதார அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் நில அளவைப் படத்தை விரித்து, அடிமட்டத்தை வைத்து நேர்கோட்டில் அளந்தார்.

“மூண்டு கிலோமீற்றர்தான் தம்பி. படம் பொய் சொல்லாது, பாருங்கோ.”

படம் பொய் சொல்லவில்லை. அடிமட்டம்தான் மலையேறிப் பார்த்ததில்லை.

அந்த அரசாங்க நில அளவைப் படத்தை யாரும் வாங்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெரிய துரைமாருக்கென்று அச்சடிப்பது என நினைத்திருந்தேன். ஹட்டனில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவன் நான், விடுவேனா? ஒரு தாள் வாங்கினேன். நண்பனிடம் ஜி.பி.எஸ். கருவியை இரவல் கேட்டேன். நாம் நடக்கிற வழியை அப்படியே பதிந்துகொள்ளும் கைப்பெட்டி அது. வாசலில் நின்று அது காட்டிய எண்களைப் படத்தில் தேடினால், சரியாக அங்கே எங்கள் லயம், சின்னக் கறுப்புக் கோடாக. துள்ளிக் குதித்தேன். அரசாங்கப் படத்தில் நாங்களும் இருந்தோம்.

மறுநாளே கருவியோடு கிளினிக் வரை இறங்கினேன். நாலு கிலோமீட்டர்தான் காட்டியது. கருவி பழுது என்று ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தேன்.

அண்ணி சிரித்தார். “எந்தப் பக்கமா எறங்குனீங்க தம்பி?”

தேயிலைக்குள்ளே, குறுக்குப் பாதையில். தோட்டத்தில் பிறந்த கால் வேறெப்படி இறங்கும்?

“வவுத்துப் புள்ளையோட நான் அந்தப் படியில எறங்க முடியுமாங்க? நான் வண்டி ரோட்டுலதான போறேன்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அளக்க வேண்டியது என் நடையை அல்ல.

அடுத்த கிளினிக் நாளில் அண்ணியோடு அவர் வழியிலேயே நடந்தேன். அவர் உட்கார்ந்தால் நானும் உட்கார்ந்தேன். அந்த இடத்தைக் கருவியில் குறித்தேன். ஏழு இடம். நடந்த வழியையும் அந்த இடங்களையும் வீட்டில் வைத்துப் படத்தில் சிவப்பு மையால் ஏற்றியபோது, என் கோடு படத்திலேயே அச்சாகியிருந்த வண்டி ரோட்டின் மேல் வளைவுக்கு வளைவு பொருந்தி விழுந்தது.

அதிகாரி என் கோட்டை நம்பவில்லை. கோப்புக் கட்டும் நூலை அவிழ்த்து, தன் படத்து ரோட்டின் மேல் வளைத்து வளைத்து வைத்தார். பிறகு நூலை நீட்டி அளந்தார். ஆறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது.

“இந்தச் சிவப்புப் புள்ளியள் என்ன?”

“எங்க அண்ணி உக்காந்த எடம், சார்.”

புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். “வாற மாசம் தோட்டத்துக்கு ஆக்கள் வருவினம்,” என்று கையெழுத்திட்டார். பஸ்ஸில் வழி நெடுக என் வாயெல்லாம் பல்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கிளினிக் தொடங்கியது. அண்ணியின் மகளை அங்கேதான், கொழுந்துத் தராசு தொங்கும் கொக்கியிலேயே குழந்தைத் தராசை மாட்டி நிறுத்தார்கள். அன்றும் கருவியை இரவல் வாங்கி, லயத்து வாசலிலிருந்து அண்ணியோடு நடந்தேன். நூற்றுநாற்பது மீட்டர். அண்ணி எங்கேயும் உட்காரவில்லை.