கார் நிறுத்துமிடத்து முளைப்பாரி

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. அட்டையில் செய்த மாதிரி. நீல நிறத்தில் நீச்சல் குளம், வாசலில் தீப்பெட்டியைவிடச் சின்னதாகச் சிவப்புக் கார்கள், பால்கனிகளில் நகத்தளவு மனிதர்கள். மூடிக்கிடந்த பஞ்சாலையின் கோடவுனில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயும் மிக்சரும் கொடுத்து, இடத்தை வாங்கிய கட்டடக் கம்பெனிக்காரர்கள் எங்கள் தெருக்காரர்களின் கருத்தைக் கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் கருத்தை மடியில் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். சித்தி மட்டும் நாற்காலியில் உட்காராமல் நேராக அந்தப் பெட்டியிடம் போனாள். மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து, தெருமுனை இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அங்கே அவள் வீடு இருந்திருக்க வேண்டும். பச்சைப் பிளாஸ்டிக்கில் ஒரு மரம் நின்றது.

"ஏந்தம்பி, எங்க வீட்டுல மரத்த நட்டுப்பிட்டீகளே, நான் எங்கன போயிப் படுக்க?" என்று கம்பெனிக்காரப் பையனைக் கேட்டாள். அவன் டையைத் தளர்த்திக்கொண்டு, அந்த இடம் பாதைக்குத் தேவைப்படுகிறது, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றான். கூட்டம் சிரித்தது. சித்தி சிரிக்கவில்லை. மரத்தை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எங்கள் தெரு அல்லிநகரத்தைத் தாண்டி, மில் மதிலை ஒட்டியே போகிறது. பெரியம்மா, என் அம்மா, சித்தி என்று அக்கா தங்கைகள் மூவரும் அந்த ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். மூன்று வீட்டு ஆண்களுக்கும் சித்திக்கும் அந்த மில்லில்தான் வேலை. பெரியப்பா தொழிற்சங்கத் தலைவர். மில்லை இழுத்து மூடிய அன்று, "இந்தக் கேட்டைத் திறந்து மறுபடி வேலை தர்ற வரைக்கும் உள்ள கால் வைக்க மாட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னவர். சொன்னபடி அன்றைய கூட்டத்துக்கும் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, இரும்புக் கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்துக்கொண்டு கருத்துச் சொன்னார்.

கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஆழத்தில் போர் போட்டு நம் குழாய்த் தண்ணீரை உறிஞ்சிவிடுவார்கள் என்றார்கள். கார் வந்து போகிற தெருவில் பிள்ளைகள் எப்படி விளையாடும் என்றார்கள். டீக்கடைக்காரருக்கு மட்டும் கட்டடம் நாளைக்கே எழும்பினால் தேவலை. நானும் வேண்டாம் என்கிற கட்சிதான். இன்றும் பாதி அப்படித்தான். பெரியப்பா கேட்டுக்கு வெளியிலிருந்து, "மில்லு இருந்த எடத்துல மில்லுதான் வரணும். இந்த மில்லு நமக்குச் சோறு போட்ட தெய்வம்!" என்று முழங்கியபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்போதுதான் சித்தி எழுந்தாள். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். இரைச்சலான ஸ்பின்னிங் ஹாலில் கத்திப் பேசிப் பழகிய குரல் அது. "தெய்வம் தெய்வம்னு உருகுறீகளே, எங்க வீட்டுக்காரரு இருமி இருமியே போய்ச் சேந்தாகளே, அது யாரு குடுத்த பிரசாதம்? அவுக நெஞ்சுல பஞ்சு அடைச்சுக்கிடந்தத எக்ஸ்ரேயில நான் பாத்தேன். அந்த ஸ்பின்னிங் ஹாலுக்குள்ள ஒரு சன்னல் உண்டா? எனக்கு இந்த மில்லு வேணாம். அவுக கட்டட்டும். என் வீட்ட எடுத்துக்கிட்டு, சன்னல் வச்ச வீடா ஒண்ணு, மேல தரட்டும்."

கோடவுனில் மிக்சர் கொறிக்கிற சத்தம்கூட நின்றது. முதலில் வாயைத் திறந்தது பெரியம்மாதான். கூடப் பிறந்தவள் அல்லவா, எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரியும். "கோடவுன இடிச்சுப்பிட்டா பாரிய எங்கனடி வளப்ப?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எடை அதிகம். பங்குனியில் எங்கள் தெருக் காளியம்மனுக்கு விழா அறிவித்துச் சாமி சாட்டியதும், வீட்டுக்கு ஒரு ஓடு என்று மண் ஓடுகளில் எருவும் வைக்கோலும் போட்டு, தட்டாம்பயறும் மொச்சையும் சோளமும் தூவி முளைப்பாரி போடுவோம். பாரி இருட்டில்தான் வளர வேண்டும். வெயில் படாமல், வெளிச்சம் படாமல் நெடுநெடுவென்று வெளிர் மஞ்சளாக எழும்பினால் தெருவுக்கு நல்ல ஆண்டு. குட்டையாகப் பச்சை தட்டினால் அம்மனுக்கு எதுவோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். மில் ஓடிய காலத்திலிருந்தே பஞ்சு கோடவுனின் ஒரு மூலைதான் பாரி வளர்கிற இடம். விரதம் இருந்து, ஒருத்தியாக உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து அதை வளர்க்கிற பொறுப்பு சித்தியுடையது. வேறு யார் கைக்கும் அது அப்படி வந்ததில்லை.

சித்தி கம்பெனிக்காரப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, அந்தப் பொம்மை வீட்டுக்கு அடியில என்ன?" கார் நிறுத்துகிற இடம், பூமிக்கு அடியில் வரும் என்றான். "வெயிலு வருமா?" வராது என்றான். "அப்ப அங்கன ஒரு மூலை எங்க அம்மனுக்கு. வருசா வருசம் பாரி வளக்குறதுக்கு." ஏதோ செடி வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவனும் தாராளமாகத் தலையாட்டிவிட்டான். அன்றோடு பெரியம்மா சித்தியிடம் பேச்சை நிறுத்தினாள்.

கட்டி முடிகிற வரைக்கும் சித்தி, எனக்கு வேலை கிடைத்த கம்பம் ஊரில் என்னோடுதான் இருந்தாள். நான் தபால் நிலைய வேலை முடிந்து வந்தால், ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கச் சொல்லலாம் என்பதே பேச்சாக இருக்கும். அந்த ஆண்டுகளில் கோயில் மடப்பள்ளியில் நெருக்கியடித்துப் பாரி வளர்ந்தது, தெருவே முணுமுணுத்தது. பிறகு கட்டடம் எழும்பியது. சித்தி நாலாவது மாடிக்குக் குடிபோனாள். மேற்கே மலை முழுக்கத் தெரிகிற ஜன்னல். வந்த புதிதில் அவள் டிவி பார்க்கவே இல்லை, மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருக்காரர்கள் அடுக்குமாடிக் கார்கள் தங்கள் வாசலில் நிற்காதபடி அவரவர் வீட்டு முன்னால் பழைய ஆட்டுக்கல்லை உருட்டிப் போட்டு வைத்தார்கள். முதல் கல் பெரியப்பாவுடையது.

அந்தப் பங்குனியில் முதல்முறையாகக் கார் நிறுத்துமிடத்தில் பாரி போட்டோம். மூலையில் மூங்கில் நட்டு, தென்னங்கிடுகு கட்டி மறைப்பு எழுந்தது. சண்டைக்காரர் வீட்டு ஓடானாலும் பாரியில் சேர்க்காமல் விடக்கூடாது என்பது வழக்கம். பெரியம்மா தன் ஓட்டைக் கேட்டருகே கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தெருப் பெண்கள் சாயங்காலக் கும்மியைக்கூட மதிலுக்கு வெளியே நின்றுதான் கொட்டினார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. பாரி எப்படி வருகிறதென்று பார்ப்போம், அம்மனே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார்கள். சித்திக்கு விரதத்து ஒருவேளைச் சோறும் இறங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். லீவு போட்டுவிட்டு அவளோடு தங்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் தெளிக்கப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மறைப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். சுவரில் புத்தம் புதிதாக ஒரு விளக்கு. ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரிகிற விளக்கு. கிடுகின் இடுக்கு வழியே அந்த வெளிச்சம் பாரியில் விழுந்துகொண்டிருந்தது. லிஃப்ட் பக்கத்து ஓடுகளில் முளை பச்சை தட்டியிருந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர், தங்கமான மனிதர். "இருட்டுல வந்து போறீங்களேன்னு நான்தாம்மா சொல்லிப் போடவச்சேன்" என்று பெருமையாகச் சொன்னார். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஒரு விளக்கைத் தனியாக அணைக்க முடியாதாம். கேமராவும் மற்ற விளக்குகளும் ஒரே இணைப்பு. எல்லாவற்றையும் அணைத்தால் காரை எடுக்க இருட்டில் யார் வருவார்கள்? விழா முடிகிற வரை கார்களை வெளியே நிறுத்தினால் ஆகும் என்றார். வெளியே என்றால் எங்கள் தெரு.

சித்தி மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவையும் தட்டினாள். இப்போது இவர்களிடம் கருத்துக் கேட்பு. சாண வாடை அடிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் புலம்பியவர்கள்கூட அவள் நேரில் வந்து நின்றதும் சரி என்றார்கள். அவர்களில் பாதிப் பேர் போடியிலும் சின்னமனூரிலும் இதே பாரியைத் தூக்கி வளர்ந்தவர்கள்தானே. "உங்க தெருக்காரங்க கல்லை எடுத்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்பதே எல்லா வீட்டுப் பதிலும். பந்து பெரியப்பாவின் வாசலுக்கு வந்துவிட்டது.

ஏதாவது பொய்க் காரணம் சொல்லிக் கேட்போம் என்றேன் நான். பச்சை தட்டிய சேதி பெரியப்பா காதில் விழுந்தால் சித்தி தெருவில் தலைகாட்ட முடியாது. சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "விரதம் இருந்துக்கிட்டு அம்மன் காரியத்துல பொய் சொல்லவாடி?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய் அவர் வாசலில் நின்றாள்.

பெரியப்பா பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னத்தா?"

"அத்தான், பாரியில வெளிச்சம் பட்டுருச்சு. பச்ச தட்டிக்கிட்டு வருது. கார வெளிய எடுத்தாத்தான் லைட்ட அணைக்க முடியும். கல்லக் கொஞ்சம் தள்ளிப் போடணும்."

அவர் எதிர்பார்த்திருந்த தீர்ப்பு, தேடாமலே வாசலுக்கு வந்து நிற்கிறது. "எல்லாமே போச்சா?" என்றார்.

"இல்லத்தான். ஓரத்துல ரெண்டே ரெண்டு ஓடு."

"யாரு வீட்டு ஓடு?"

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு அக்காளுது."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பெரியப்பா, "அவ ஓட்ட எதுக்குத்தா அங்கன வச்ச?" என்று கேட்டார்.

"எப்பவும் அவ ஓடு என் ஓட்டுக்குப் பக்கத்துலதான இருக்கும்" என்றாள் சித்தி. இது என்ன கேள்வி என்பது போலச் சொன்னாள்.

பெரியப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏலே!" என்று மகனைக் கூப்பிட்டார். இருவருமாகச் சேர்ந்து ஆட்டுக்கல்லைச் சுவரோரம் உருட்டினார்கள். தலைவர் வீட்டுக் கல் நகர்ந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பொழுது சாய்வதற்குள் தெருவில் வரிசையாகக் கார்கள் நின்றன. பந்து படாமல் விளையாடச் சொல்லிப் பிள்ளைகளைப் பெரியப்பாவே அதட்டிக்கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடம் முழு இருட்டானது. சித்தி அன்றுதான் வயிறாரப் பால் குடித்தாள்.

ஊர்வல நாளன்று மறைப்பைப் பிரித்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். மஞ்சள் கதிராகப் பாரி முழ உயரத்துக்கு எழும்பி நின்றது. அந்த இரண்டு ஓடுகளைத் தவிர. அவை பச்சையாக, பாதி உயரம்கூட இல்லாமல் நின்றன. சித்தி தன்னுடையதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பெரியம்மாவும் கேட்டைத் தாண்டி வந்து தன் ஓட்டை எடுத்துக்கொண்டாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி, "என்ன, இந்த ரெண்டு மட்டும் குட்டையா இருக்கு? அம்மன் என்ன சொல்றாகளோ" என்று இழுத்தாள். மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். சித்தியின் முகம் செத்துப்போயிற்று.

கேட்டுக்கு வெளியிலிருந்து பெரியப்பாவின் மேடைக்குரல் வந்தது. "அம்மன் என்னத்தச் சொல்லப்போறாக? அக்காளும் தங்கச்சியும் குட்டச்சிகதானப்பா. அவளுக பாரி மட்டும் எப்பிடி ஒசரமா வரும்? மேளத்த அடிங்கய்யா!"

தெருவே குலுங்கிச் சிரித்தது. சிரிப்போடு சேர்த்து அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தும் போயிற்று. சித்தி அழுதாள். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று கல்லாக நின்றவள், தலையில் பாரியோடு, துடைக்கக் கையில்லாமல் அழுதாள். பெரியம்மா அவளை ஒட்டி வந்து நடந்தாள். பாரி சுமக்கிறவர்கள் கழுத்தைத் திருப்ப முடியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே, பாரியைக் கரைக்கிற முல்லையாறு வரை பேசிக்கொண்டே போனார்கள்.

அப்படி என்னதான் பேசினீர்கள் என்று பிறகு பெரியம்மாவைக் கேட்டேன். "என்னத்தப் பேச? நாலாவது மாடி சன்னல்ல இருந்து எங்க வீட்டு மொட்டமாடி தெரியுதாம். வடகம் காயப்போட்டா சொல்லு, காக்கா வராம நான் மேலருந்து சத்தம் போடுறேன்னா" என்றாள். சொன்னதைச் சித்தி செய்யவும் செய்தாள். சித்தி உயிரோடு இருந்தவரை எங்கள் தெருவில் ஒரு காக்கை பெரியம்மாவின் வடகத்தில் வாய் வைத்ததில்லை.

இப்போது சித்தி இல்லை. அந்த வீட்டில் உத்தமபாளையத்திலிருந்து ஓர் இளம் தம்பதி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் பால் காய்ச்சிய அன்றே பெரியம்மா லிஃப்டில் ஏறிப் போய் அந்தப் பெண்ணை ஜன்னலருகே நிறுத்தி, தன் மொட்டைமாடியைக் கையை நீட்டிக் காட்டினாள். "சித்திரையில நான் வடகம் போடுவேன். காக்கா வந்தா இங்கன நின்னு சத்தம் போடணும். இந்த வீட்டுக்கு வாறவுக அதச் செய்யணும்த்தா, அதான் எங்க தெரு வழக்கம்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமலே சரி என்று தலையாட்டினாள்.