முனியாயி காப்பாற்றிய காளவாசல்

ராசிங்காபுரத்துச் சுண்ணாம்புக் காளவாசலை இடித்துத் தள்ளச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பின்னே என்ன, நாற்பது வருடம் நெருப்பைப் பார்க்காமல் பாம்புக்கும் கருவேலத்துக்கும் குடியிருப்பாகக் கிடந்தது. இன்று அதைப் பார்க்க மதுரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காரணம் ஒரு சித்தாள். பெயர் முனியாயி.

காளவாசல் என்பது தரைக்கு மேலே கட்டிய கிணறு மாதிரி. இருபதடி உயரம். வெளியே கருங்கல் சுவர், உள்ளே செங்கல் சுவர், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் சாம்பலும் மணலும் தளரக் கொட்டியிருக்கும். மேலிருந்து சுண்ணாம்புக் கல்லையும் கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, அடியில் உள்ள நான்கு வாய்களில் தீ வைப்பார்கள்.

இடத்துக்குச் சொந்தக்காரர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கமருதீன் பாய். இடிக்க மாட்டேன், வருடம் ஒருமுறையாவது எரிப்பேன், அதில் வேகும் சுண்ணாம்பிலேயே அதற்குப் பூச்சு வேலை நடக்கும் என்று ஒரே பிடியாக நின்றார். பழுதுபார்க்கும் வேலையைக் கொத்தனார் காசிராஜனிடம் கொடுத்தார். அவரிடம் முனியாயி பதினெட்டு வருடமாகக் கலவை சுமக்கிறாள். சுவர் எழுப்பவும் பூசவும் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தாள். பொம்பளை பூசுகிற கரணையைப் பிடித்தால் கட்டடம் விளங்காது என்பது காசிராஜனின் கட்சி. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நடு இடைவெளியில் சாம்பல் இறங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. சுவர் பிளந்துவிட்டது என்று நினைத்த காசிராஜன் அதில் கான்கிரீட்டைக் கொட்டச் சொன்னார். முனியாயி வேண்டாம் என்றாள். யார் கேட்டது? கொட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. கான்கிரீட் இறுகுவதற்குள் மேலே ஏறி, அவ்வளவையும் தோண்டி வெளியே எறிந்துவிட்டாள்.

திரும்பி வந்த காசிராஜன் தாம்தூம் என்று குதித்தார். பாய் வந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"தீயி பட்டா செங்கல்லு பெருக்கும் பாய். பெருக்க எடம் வேணும்ல? குடுக்காட்டி வெளிச்சொவர ஒடைச்சுக்கிட்டுத்தான் வரும்."

பட்டால்தான் தெரியும் என்பார்கள். சித்தாளாக வருவதற்கு முன் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு போட்டவள் இவள். சிமெண்டு வைத்து அடைத்த அடுப்புச் சுவர் வெடித்துக் காலில் விழுந்திருக்கிறது. தழும்பைக் காட்டினாள். பாய் சாம்பலையே நிரப்பச் சொல்லிவிட்டார்.

"இனி என் சோலிக்கு வராத" என்று காசிராஜன் அவளை அனுப்பிவிட்டார். வேறு கொத்தனார்களும் அவளைக் கூப்பிடவில்லை. ஒன்றரை மாதம் வேலையில்லாமல் இருந்தாள். காளவாசல் தீயில் வெடிக்காமல் நின்றால்தான் அவளுக்கு இனி பிழைப்பு என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று.

பங்குனியில் தீ வைத்தார்கள். மூன்றாம் நாள் நானும் சாரத்தில் ஏறிப் பார்த்தேன். முன்பு சமமாக இருந்த உள்சுவர் மொத்தமும் இப்போது வெளிச்சுவரை விட இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது. வெளிச்சுவரில் ஒரு கீறல் இல்லை. காசிராஜன் அந்த இரண்டு விரற்கடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாரும் சுண்ணாம்பு தலைமைக் கொத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும், அது முறை. சூடு ஆறி வாரிய அன்று காசிராஜன் அந்தக் கூடையைத் தம் தலையிலேயே சுமந்து முனியாயி வாசலில் இறக்கினார். அதற்கு முன் அவர் தலையில் கூடை ஏறி முப்பது வருடம் இருக்கும்.

"நாளையிலருந்து பூச்சு வேல. வெரசா வந்துரு" என்றார்.

"சித்தாளாவாண்ணே?"

"பூசுறதுக்கு வாத்தா. கலவ எடுத்துக்குடுக்க நான் இருக்கேன்."