பதினொரு பெட்டிகளும் ஒரு கையெழுத்தும்

ரேடாரின் முகத்தில் உள்ளங்கையளவுப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகப் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் அலையை அனுப்பும். எங்கோ மோதித் திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுகளைத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைப்பதுதான் அவள் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து இருபத்திரண்டு வருஷம். தொழிற்சாலையில் அவள் எல்லோருக்கும் 'கம்பியக்கா'.

புது வடிவமைப்பில் செய்த நாற்பது பெட்டிகளில் பதினொன்று சூட்டுச் சோதனையில் செத்துப்போயின. மறுநாளே மேலாளர், மொத்தப் பிரிவும் பார்க்க, அவளிடம் ஒரு தாளை நீட்டினார். காரணம்: கம்பி இணைத்தவரின் கவனக்குறைவு.

"பெட்டியைத் திறந்து பாத்தீங்களா சார்?"

"எதுக்குத் திறக்கணும்? வயசாச்சுல்ல, கை நடுங்கத்தான் செய்யும். கையெழுத்துப் போடுங்க, வேற பிரிவுக்கு மாத்திடறோம்."

அவளுக்கு உச்சந்தலைவரை சுட்டது. தாளை அங்கேயே வைத்துவிட்டு நடந்தாள்.

வீட்டில் தையற்காரக் கணவர் சட்டைக்குக் காஜா எடுத்தபடியே நடந்ததைக் கேட்டார். "கையெழுத்தைப் போட்டுட்டு வந்திருக்கலாமே. எதுக்கு வம்பு?"

"துணி மட்டமா இருந்து சட்டை கிழிஞ்சா, 'என் தையல்தான் சரியில்ல'ன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "மாட்டேன். நீயும் போடாதே."

காலையில் நேராகத் தரப் பரிசோதகரிடம் போனாள். "எல்லார் முன்னாடியும் திறங்க மேடம். என் கம்பி ஒண்ணு விட்டிருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்குப் போறேன்."

திறந்தார்கள். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி இழுத்தார் பரிசோதகர். விதித்த பளுவுக்கு ஒன்றுகூட விடவில்லை. பிறகு நுண்ணோக்கியைச் சில்லுகள்மேல் திருப்பினார். பதினொன்றிலும் விரிசல். எடையைக் குறைக்க அடித்தகட்டின் உலோகத்தை மாற்றியிருந்தார்கள். சூட்டில் அது அதிகமாக விரிந்து, மேலே ஒட்டியிருந்த சில்லைப் பிளந்திருக்கிறது.

ஓரமாக நின்ற வடிவமைப்பாளர் மெல்லச் சொன்னார்: "இந்தத் தகடு ஆகாதுன்னு மூணு மாசம் முன்னாடியே மேலாளருக்கு எழுதிக் குடுத்தேன்."

மேலாளர் தெரிந்தேதான் பழியை அவள் தலையில் கட்டியிருக்கிறார்!

அறிக்கை மாறியது, தகடும் மாறியது. "முடிஞ்சது விடுங்கம்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மேலாளர், நடைவழியில், யாருமில்லாதபோது.

"கை நடுங்குதுன்னு பதினேழு பேர் முன்னாடி சொன்னீங்க. இல்லைன்னும் அந்தப் பதினேழு பேர் முன்னாடியே சொல்லுங்க."

அவர் கைப்பேசியைப் பார்த்தபடி நகர்ந்தார். கடைசிவரை சொல்லவேயில்லை. அவளும், ஓய்வு பெறும்வரையிலான மூன்று வருஷமும், அவர் வைத்த வணக்கத்துக்குத் தலைகூட அசைக்கவில்லை.