லீவரில் கிடந்த துண்டு

மருதை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, ஆஸ்பத்திரியில்... நாலு நாள் காய்ச்சல்தான்.

செய்தி வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஒட்டச் சாப்பாட்டுக் கடை முதலாளி நானா தன் கடைச் சுவரில் இடம் கொடுத்தார்.

கோத்தா திங்கி ரோட்டில் போகிற எல்லாருக்கும் அவரைத் தெரியும். நம் கல்லுமலையில் வெடி வைக்கும்போது சிவப்புக் கொடி பிடித்து வண்டிகளை மறிப்பாரே... வலது கை இல்லாதவர்.

அந்தக் கை போன கதையும் உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட கதை பொய்.

கல் உடைக்கும் மெஷினில் கல் சிக்கினால் பெல்ட்டை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே கைவிட்டு எடுப்பார். போகும்போது தன் தலைத்துண்டை இஞ்சின் லீவரில் போட்டுவிட்டுப் போவார். அவரே வந்து எடுக்கும்வரை யாரும் லீவரைத் தொடக்கூடாது. துரை போட்ட சட்டம் இல்லை, நாமே வைத்துக்கொண்ட வழக்கம்.

இஞ்சின் என் பொறுப்பு. என் துண்டையும் சில நாள் அங்கேயே போட்டுவிடுவேன். "அங்க போடாதடா சின்னையா" என்று அண்ணன் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்.

அன்றைக்கு மண்டை பிளக்கும் வெயில். சிக்கிய கல்லை எடுக்க அண்ணன் உள்ளே போயிருந்தார். கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. லீவரில் கிடந்த துண்டை ஏதோ நினைப்பில் என்னுடையது என்று எடுத்து முகம் துடைத்தேன், தோளில் போட்டுக்கொண்டு எண்ணெய் ஊற்றப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் லீவரில் துண்டு இல்லை. அண்ணன் வேலையை முடித்துப் போய்விட்டார் என்று நினைத்து லீவரைத் தள்ளிவிட்டேன்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது.

மறுநாள் துரையும் கணக்கெழுதும் கிராணியும் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, வேலை போனவர்களையெல்லாம் ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த காலம். என் சம்சாரம் எட்டு மாதம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க துண்ட எடுத்தேன். எடுத்துட்டு, இன்னொரு கல்லு இருக்கேன்னு மறுபடி கைய வுட்டுட்டேன். சின்னையா மேல தப்பில்லைங்க."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார், துரை எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அவர் காலைப் பிடித்து அழுதேன்.

"தாப்பாலா, பரவால்ல வுடு. ஒன் வேலையும் போனா என் கை திரும்பி வந்துருமா? புள்ளத்தாச்சிய கப்பல்ல ஏத்தப் போறியா?"

அன்று முதல் அவருக்கு 'அவசரக்கை மருதை' என்று பெயர். புதிதாக வருகிற ஆட்களிடமெல்லாம் வேலை வாங்கும் மண்டோர் அவரைக் காட்டுவார். "அவசரப்பட்டா இந்தக் கதிதான், பாத்துக்க!" அண்ணன் கொடியோடு நின்று சிரிப்பார்.

நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருநாள்கூட வாயைத் திறக்கவில்லை. சீ... நானெல்லாம் ஒரு மனுஷன்.

இன்னொன்று. இடது கையால் அவர் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார். வெற்றிலையைக்கூடப் பலகையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன தீபாவளிக்கு என் மகளுக்கு முறுக்கு கொண்டுவந்தார். அன்று வயிற்றில் இருந்த அதே பிள்ளைதான். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், இவர் வாசல்படியில் வைக்கிறார்.

"கையிலேயே குடுங்கண்ணே."

"நல்ல நாளும் அதுவுமா எடது கையாலயா? போடா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

துண்டை எடுத்தது நான். மண்டோர் படிக்கட்டும், கிராணி படிக்கட்டும், துரையிடமும் போய்ச் சொல்லட்டும். என்ன வந்தாலும் வரட்டும்.

படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம். யாரும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்... அவர் பெயர் மருதை.

உங்க துண்டு இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு அண்ணே. கொண்டாறேன்.